இரண்டு உரிமைகளும் ஒரு ஃபேன் பெல்ட்டும்

ரெய்னோ லஹ்டினன் அன்று காலை சமரசப் பேச்சு நடக்கும் ஹோட்டலுக்குப் புறப்படும்போது கோட்டுப் பையில் ஒரு ஃபேன் பெல்ட்டைச் சுருட்டி வைத்துக்கொண்டார். ஆவணங்களைத் தவிர வேறெதையும் கொண்டுவர வேண்டாம் என்று அவர் குடியிருக்கும் கட்டடத்தின் நிறுவனத்தார் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். எழுதட்டும். பதினோரு மாதமாக அவர்கள் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

பெல்ட் போன அக்டோபரில் வாங்கியது. கனடாவின் தண்டர் பே நகரத்துக் காகித ஆலையில் முப்பத்தோரு வருடம் இயந்திரங்களைப் பழுதுபார்த்த மனிதர் அவர். ஃபேன் நின்றுபோனால் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, குளியலறைச் சுவருக்குள் எப்போதும் கேட்கும் முனகல் கேட்கவில்லை. டாய்லெட் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து, மேலே காற்று போகும் கம்பித் தட்டில் வைத்துப் பார்த்தார். ஃபேன் ஓடினால் காகிதம் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அது அவர் மூக்கின்மேல் விழுந்தது. எல்லா வீட்டுக் குளியலறைக் காற்றையும் இழுத்து வெளியே தள்ளும், மொட்டை மாடியிலிருக்கும் பெரிய ஃபேனின் பெல்ட் அறுந்திருக்கிறது. விஷயம் அவ்வளவுதான். பதினைந்து நிமிட வேலை.

முன்பு இருந்த காவலாளியாக இருந்தால் சாவியைக் கையில் கொடுத்திருப்பான். கட்டடம் கைமாறியதும் புது நிறுவனம் முதல் வேலையாக அவனை வீட்டுக்கு அனுப்பியது. மொட்டை மாடிக் கதவுக்குப் பெரிய பூட்டு வந்தது, அலுவலகத்துக்குப் பதில் ஒரு மின்னஞ்சல் முகவரி வந்தது. ரெய்னோ அதற்கு எழுதினார்: ஃபேன் செத்துவிட்டது, பெல்ட் என்னிடம் இருக்கிறது, சாவியோடு ஒரு ஆளை அனுப்புங்கள். எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி, தயவுசெய்து புகார்ப் படிவத்தை நிரப்புங்கள் என்று பதில் வந்தது. படிவத்தில் சத்தம், புகை, நாய் பூனை, விருந்தாளிகள், வண்டி நிறுத்தம் என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. ஃபேனுக்குக் கட்டம் இல்லை.

நவம்பரில் புகை வந்தது. காட்டு இலை எரியும் வாசனை. கெட்ட வாசனை என்று சொல்ல முடியாது, ஆனால் ரெய்னோவின் நுரையீரல் ஆலைத் தூசியைத் தின்று பாதி செத்த நுரையீரல். மூக்கில் ரப்பர் குழாய், பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர். வெளியே குளிர் பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே இறங்கிக்கிடக்கும்போது ஜன்னலைத் திறக்கவும் முடியாது. ஒரு வாரம் இருமித் தீர்த்துவிட்டு, படிவத்தில் 'புகை' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று அது கேட்டது. அதைச் சொல்லாமல் மேலே நகர மாட்டேன் என்று சிவப்பு நட்சத்திரம் போட்டு அடம்பிடித்தது. தனக்கு நேர் கீழே இருந்த வீட்டின் எண்ணை, 204 என்று அடித்தார்.

அவர் செய்த தப்பு அதுதான். அவருக்கும் அது தெரியும். ஒரு மாடி இறங்கிப் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். ஆனால் அந்த ஊரில் அப்படிச் செய்ய மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் காரில் விழுந்த பனியைக் கேட்காமலே சுரண்டிவிடுவார்கள், அவர் காலை நீங்கள் மிதித்தால் அவர்தான் உங்களிடம் மன்னிப்புக் கேட்பார். ஆனால் ஒரு குறையை முகத்துக்கு நேராகச் சொல்வது மட்டும் நாகரிகமில்லை. அலுவலகத்துக்கு எழுதிவிட்டு, லிப்டில் பார்க்கும்போது "குளிரு அதிகம்ல?" என்று சிரிப்பதுதான் நாகரிகம். ரெய்னோவும் அந்த நாகரிகத்தில் எழுபத்திரண்டு வருடம் ஊறிய மனிதர்தானே.

204-இல் இருந்தவள் ஜோலீன் மூனியாஸ். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவள், நாற்பத்தைந்து வயது, வடக்கே காட்டுக்குள்ளிருந்து வந்த அனிஷினாபே பூர்வகுடிப் பெண். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் ஒரு சிப்பி ஓட்டில் சேஜ் இலையைக் கொளுத்தி, நம்மூரில் சாம்பிராணி காட்டுவதுபோல, அந்தப் புகையைக் கையால் அள்ளித் தலையிலும் நெஞ்சிலும் விட்டுக்கொள்வாள். அவளுக்கு அது பிரார்த்தனை. அவளுக்கு ஒரு கடிதம் போனது: உங்கள் புகை ஒரு மாற்றுத்திறனாளியின் உரிமையைப் பாதிக்கிறது, நிறுத்தாவிட்டால் வீட்டைக் காலி செய்ய நேரிடும். அவள் சும்மா இருப்பாளா? இது என் சமயம், இது என் மக்களின் வழக்கம், என் உரிமை என்று திருப்பி எழுதினாள்.

அப்போது நிறுவனத்துக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு பேருக்கும் ஒரே கடிதத்தின் இரண்டு நகல்கள் வந்தன. 'போட்டியிடும் உரிமைகள்' என்று தலைப்பு. இரண்டுமே புனிதமான உரிமைகள், ஒன்று இன்னொன்றைவிட உசத்தியில்லை, நிறுவனம் இதில் நடுநிலையான ஒரு பார்வையாளர் மட்டுமே, இதைச் சமநிலைப்படுத்த ஒரு நிபுணரை அமர்த்துகிறோம் என்று நான்கு பக்கம். பெல்ட் அறுந்த ஃபேனின் சொந்தக்காரன் நடுநிலைப் பார்வையாளனாம்! ரெய்னோ அந்த வரியை மூன்று தரம் படித்தார். சிரிக்கப் போய் இருமல் வந்து, கட்டிலில் உட்கார வேண்டியதாயிற்று.

நிபுணர் வருவதற்குள் குளிர்காலம் போய், வசந்தம் போய், கோடையும் முடிகிற நிலைக்கு வந்தது. இதற்குள் ரெய்னோவின் இரண்டு லிட்டர் மூன்றாகியிருந்தது. வாரம் ஒருமுறை வரும் நர்ஸ் மார்லீன் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

"நாலைத் தொட்டுச்சுன்னா உங்கள இங்க தனியா விட மாட்டாங்க, ரெய்னோ. ஹோம்லதான் சேப்பாங்க."

அந்த முதியோர் இல்லத்தை அவருக்குத் தெரியும். தோய்வோ என்ற நண்பன் தன் காலால் நடந்து உள்ளே போனான், நான்கு மாதத்தில் பிணமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தன் வீட்டில், தன் அடுப்பில், தன் மீன் சூப்பை வைத்துச் சாப்பிட்டபடி சாக வேண்டும், ரெய்னோவுக்கு வேறு ஆசையில்லை. அதற்குக் குறுக்கே நின்றது ஒரு ரப்பர் பெல்ட்.

ஹோட்டலில் மூன்று அறைகள் எடுத்திருந்தார்கள். ரெய்னோ ஒன்றில், ஜோலீன் ஒன்றில், நிறுவனத்தின் வக்கீல் நடுவில். சமரசம் செய்ய வந்த நிபுணரின் பேர் பிரான்வின் டெல்ஃபர். மெல்லிய குரல், கனமான கோப்பு. அவள் மட்டும் அறைக்கு அறை நடப்பாள். இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. மனங்கள் புண்படாமலிருக்க இந்த ஏற்பாடாம்.

"ரெய்னோ, முதல்ல ஒண்ணு சொல்லிக்கிறேன். உங்க வலி எனக்குக் கேக்குது," என்றாள் நெஞ்சில் கை வைத்து.

"உங்களுக்குக் கேக்குறது என் ஆக்ஸிஜன் சத்தம்மா," என்றார் ரெய்னோ. "வலி சத்தம் போடாது. இந்தாங்க, இதப் பாருங்க." பையிலிருந்து பெல்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அவள் அதைச் செத்த பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "பொருளெல்லாம் இங்க வேண்டாமே. நாம உணர்வுகளோட மட்டும் வேலை செய்வோம்."

பிறகு ஒரு படத்தைக் காட்டினாள். தராசுப் படம். ஒரு தட்டில் நுரையீரல், இன்னொரு தட்டில் இலை. அதை வரைந்தவருக்கு யாரோ சம்பளம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ரெய்னோ அதைத் தள்ளிவைத்தார்.

பதினொரு மணிக்கு முதல் யோசனை வந்தது. ஜோலீன் செவ்வாயும் வெள்ளியும் மதியம் இரண்டு மணியிலிருந்து இரண்டு இருபது வரை புகை போடலாம். அந்த நேரத்தில் ரெய்னோ சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு கீழே வரவேற்புக் கூடத்தில் போய் உட்காரலாம்.

"அந்தக் கூடத்துல நாற்காலியே கெடையாது. போன வருஷம் நீங்கதான எடுத்தீங்க?"

"நான் நிர்வாகம் இல்ல, ரெய்னோ. நான் நடுவுல இருக்குறவ."

"அப்ப நடுவுல இருக்குறவங்ககிட்டயே கேக்குறேன். கூரைமேல இருக்குற ஃபேனைப் பத்தி யார்கிட்டயாவது பேசினீங்களா?"

"அது இன்னிக்கி நம்ம வட்டத்துக்குள்ள வரல," என்று சொல்லிவிட்டுக் கோப்பை அணைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டாவது யோசனை வந்தது. இரண்டு பேருமே வேறு வீடு பார்த்துப் போவது. சாமான் ஏற்றும் வண்டியை நிறுவனமே அனுப்பும். இருவரின் கண்ணியமும் காக்கப்படும். பழைய ஆட்கள் போனால் அந்த வீடுகளைப் புது ஆட்களுக்கு எவ்வளவு கூடுதல் வாடகைக்கு விடலாம் என்பது அந்தக் காகிதத்தில் இல்லை. ரெய்னோவுக்கு அது எழுதாமலே புரிந்தது. இதற்குத்தான் இத்தனை தராசும் தட்டும். நெஞ்சு அடைத்தது. வழக்கமான அடைப்பில்லை, சுத்தமான கோபம்.

சாப்பாட்டு இடைவேளையில் முட்டை சாண்ட்விச்சைத் தொடாமல், சிலிண்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாக வெளியே போனார். காற்று வேண்டியிருந்தது. வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு பழைய வேனின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஜோலீன் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்க்கக் கூடாது என்பது விதி.

"குளிரு ஆரம்பிச்சிருச்சுல்ல?" என்றார் ரெய்னோ. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஆகஸ்டு மாசம், மிஸ்டர் லஹ்டினன்," என்றாள் அவள். "இருபத்தாறு டிகிரி."

ரெய்னோவுக்கு முகம் சிவந்தது. "நான் உங்க மேல கம்ப்ளைன்ட் பண்ணல. ஃபேன் மேலதான் பண்ணேன்."

"ஓ. அந்த ஃபேன் பேரும் ஜோலீன் மூனியாஸா?"

ரெய்னோ வேனின் படியில் கையூன்றிக்கொண்டு மூச்சை இழுத்தார். அவள் ரொட்டியை ஓரமாக வைத்துவிட்டு, இருக்கையிலிருந்த பையை நகர்த்தினாள்.

"உக்காருங்க. இங்க விழுந்து வச்சிங்கன்னா அதுக்கும் நான்தான் காரணம்னு எழுதுவாங்க."

உட்கார்ந்தார். "தப்பு என்னுதுதான். கீழ வந்து கதவத் தட்டியிருக்கணும். பயந்துட்டேன்."

"என்னயப் பாத்தா?"

"மரியாதைக் கொறச்சலா போயிருமோன்னு."

"மரியாதையா காலி பண்ணச் சொல்லி லெட்டர் அனுப்பினீங்களே, அது பரவால்லயா?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது. "எங்கம்மாவச் சின்ன வயசுல கவர்மென்ட் ஹாஸ்டல் ஸ்கூலுக்குப் புடிச்சிட்டுப் போயி, இந்தப் புகைக்காக அடிச்சாங்க, தெரியுமா? ஒளிஞ்சு ஒளிஞ்சு செஞ்சா. நான் ஒளிய மாட்டேன். இன்னிக்கிக் காலைல அந்த வக்கீல் கிரெய்க் என் ரூமுக்கு வந்தான். ஒரு அட்டையப் பாத்து, இந்த நெலம் அனிஷினாபே மக்களோட நெலம், அவங்களுக்கு நாங்க நன்றியோட இருக்கோம்னு படிச்சான். எங்க பேரக்கூட ஒழுங்காச் சொல்ல வரல. படிச்சு முடிச்சு அட்டையப் பையில வச்சிட்டு, ரெண்டு மாசத்துல காலி பண்ண முடியுமான்னு கேட்டான்."

"எனக்கும் படிச்சான்," என்றார் ரெய்னோ. "நான் ஃபின்லாந்துக்காரன் மவன். யாருக்கு நன்றி சொல்றான்னு எனக்கே குழப்பமாப் போச்சு."

ஜோலீன் சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்ததில் அவளுக்கே கோபம்.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். "நீங்க மீனுல பால் ஊத்தி ஏதாவது வேக வைப்பீங்களா?"

"சூப்பு. ஏன்?"

"ஏரிக்காத்து அடிக்கிற நாளெல்லாம் என் பாத்ரூம் பூரா அந்த நாத்தம்தான். என் துண்டெல்லாம் மீன் வாசம். பஸ்ஸுல பிள்ளைங்க கேக்குதுங்க."

ரெய்னோ நிமிர்ந்தார். "எப்பலேருந்து?"

"போன வருஷம் பனிக்கு முன்னாலேருந்து. அக்டோபர் இருக்கும்."

"நீங்க ஏன் புகார் கொடுக்கல?"

"வயசான மனுசன் சாப்புடுறதுல நான் என்னத்தப் புகார் கொடுக்குறது?"

ரெய்னோவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பையிலிருந்து பெல்ட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். டாய்லெட் காகித விஷயத்தைச் சொன்னார். தானும் ஒருநாள் துடைக்கப் போய்ப் பார்த்ததாகவும், தூசிகூட அந்தத் தட்டில் ஒட்டவில்லை என்றும் அவள் சொன்னாள். அவள் புகை அவருக்குப் போகிறது, அவர் மீன் அவளுக்கு வருகிறது, நடுவில் செத்த ஃபேன் ஒன்று நடுநிலை வகிக்கிறது. ஃபேன் ஓடும்வரை அவள் படுக்கையறை ஜன்னலோரம் புகை போடுவாள், அதற்கு முன் குழாயில் இரண்டு தட்டுத் தட்டுவாள், அவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வார். எல்லாம் பேசி முடிக்க எட்டு நிமிடம் ஆனது. ரெய்னோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். எட்டே நிமிடம்.

இருவரும் சேர்ந்து நடுஅறைக் கதவைத் திறந்தபோது பிரான்வின் டெல்ஃபர் எழுந்தே விட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிட்டீங்களா? நேரடியாவா?"

"வாயாலதான் பேசினோம்," என்றாள் ஜோலீன்.

"செயல்முறைய மீறிட்டீங்களே! நான் இன்னும் மூணாவது கட்டத்துக்கே வரல!"

ரெய்னோ பெல்ட்டை வக்கீல் கிரெய்க்கின் மடிக்கணினிமேல் போட்டார். "ஃபேனுக்கு இத மாட்டுங்க. எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம்."

கிரெய்க் பெல்ட்டைப் பேனா நுனியால் நகர்த்தினான். "சார், உங்க நிலைமை புரியுது. ஆனா இங்க இருக்குற விவகாரம் புகையும் சமயமும். ஃபேன் பராமரிப்பு சம்பந்தப்பட்டது. அதுக்குத் தனிப் படிவம்."

"அந்தப் படிவத்துல ஃபேனுக்குக் கட்டமே இல்லப்பா!"

"அதை மேலிடத்துக்குத் தெரியப்படுத்துறோம்."

ரெய்னோ ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முப்பத்தோரு வருடம் மெஷின்களோடு இருந்தவருக்கு ஒரு பழக்கம் உண்டு: மெஷின் முரண்டு பிடித்தால் எந்தத் திருகாணி மொத்தத்தையும் தாங்கிப் பிடிக்கிறது என்று தேடுவார். தேடினார். கிடைத்தது. அது அவரேதான்.

"அம்மா," என்றார் பிரான்வினிடம். "போட்டி உரிமைன்னா போட்டிக்கு ரெண்டு பேர் வேணும்ல?"

"ஆமா, நிச்சயமா."

"இவங்க மேல நான் குடுத்த புகாரை வாபஸ் வாங்குறேன். இப்பவே, இங்கயே. எழுதிக்குங்க. இனிமே நான் கேக்குறது ஒண்ணுதான். மூச்சு விட முடியாத ஒரு ஆள் பதினோரு மாசமா ஃபேனப் பத்திச் சொல்றான், சொந்தக்காரன் செய்யல. அந்தப் புகார் இவன் கம்பெனி மேல." கிரெய்க்கைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஜோலீனுக்கு உடனே பிடிபட்டது. "என்னுதும் இவர் மேல இல்லயே. என் பிரார்த்தனைய நிறுத்துன்னு லெட்டர் போட்டது நீங்கதான்," என்றாள். "இப்பச் சொல்லுங்க. அவரு உரிமை இருக்கு, என் உரிமை இருக்கு. ரெண்டும் சண்ட போடல. ரெண்டும் உங்களத்தான் பாத்துக்கிட்டு நிக்குது."

பிரான்வின் தராசுப் படத்தைப் புரட்டிப் பார்த்தாள். ஒரே தட்டில் இரண்டையும் வைக்கிற படம் அவள் கோப்பில் இல்லை. கிரெய்க் பத்து நிமிடம் அவகாசம் கேட்டுக்கொண்டு தொலைபேசியோடு வெளியே போனான். நாற்பது நிமிடம் கழித்து வந்தான். பொய்ச் சிரிப்புகூட அவனிடம் மிச்சமில்லை.

ஒப்பந்தத்தில் பதினான்கு ஷரத்துகள். அவற்றில் பதிமூன்று, இங்கே நடந்ததை யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது என்பதையே வெவ்வேறு விதமாகச் சொல்லின. ஒன்பதாவது ஷரத்தில் ஃபேன் இருந்தது. ஜோலீனுக்குப் போன கடிதம் ரத்து என்று கடைசியில் கையால் எழுதச் சொன்னாள் அவள். எழுதினார்கள். அவள் மை காயும்வரை நின்று பார்த்தாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு ஆள் வந்து மொட்டை மாடிக்கு ஏறினான். அவன் கொண்டுவந்த பெல்ட் அளவு சரியில்லை. ரெய்னோ தன்னுடையதைக் கொடுத்தார். பன்னிரண்டு நிமிடத்தில் சுவருக்குள் முனகல் திரும்பி வந்தது. காகிதத் துண்டு தட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. ரெய்னோ கழுத்து வலிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் மார்லீன் வந்து விரலில் கருவியை மாட்டிப் பார்த்தாள்.

"மூணு லிட்டரே போதும். நாலுக்குப் போகாது, கவலப்படாதீங்க. இங்கயே இருக்கலாம்."

"ரெண்டுக்கு எறங்குமா?"

அவள் கருவியைப் பையில் வைத்தாள். "எறங்காது, ரெய்னோ. அந்த இருமல்ல போனது போனதுதான்."

அடுத்த வாரம் வரவேற்புக் கூடத்தில் நிறுவனத்தின் செய்தி மடலைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். 'உரிமைகளைச் சமநிலைப்படுத்துவதில் நாங்கள் முன்னோடி' என்று தலைப்பு, நடுவில் அதே தராசு. பேர்கள் இல்லை, ரகசியம் அல்லவா? நாற்காலியும் இல்லை. கூடவே இரண்டு வீட்டுக்கும் ஒரு கருத்துப் படிவம் வந்தது: எங்கள் தீர்வு உங்களுக்கு எவ்வளவு திருப்தி? அழும் முகத்திலிருந்து சிரிக்கும் முகம்வரை வரிசையாக ஐந்து வட்ட முகங்கள்.

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. ஜோலீன் தன் படிவத்தை ஆட்டியபடி நின்றாள். அடுப்பில் மீன் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

"இப்பக் கீழ வர்றதே இல்ல," என்றாள். "துண்டெல்லாம் துண்டு மாதிரி மணக்குது. சரி, நீங்க எந்த மூஞ்சி போட்டீங்க?"

ரெய்னோ மேஜையிலிருந்து தன் படிவத்தை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஐந்து முகங்களையும் ஒவ்வொன்றாக, மெதுவாகப் பார்த்தார். மூக்கில் மூன்று லிட்டர் சீறிக்கொண்டிருந்தது.

"தேடிட்டேன், ஜோலீன்," என்றார். "இதுல மூச்சு வாங்குற மூஞ்சி இல்ல."

அவள் சிரிக்க வாயெடுத்தாள், சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த படிவத்தை வாங்கித் தன்னுடையதோடு சேர்த்து இரண்டாக மடித்தாள். ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேஜையின் காலுக்கடியில் அதைச் செருகிவிட்டு, கிண்ணம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.